மேட் புதிரில் கம்ப்யூட்டருக்குக் கறுப்பைக் கொடுங்கள்

செஸ் பழகும் பிள்ளையின் கையில் போனே கொடுக்கக்கூடாது என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொழும்பில் வசதியுள்ள பிள்ளைக்கு வீடு தேடிப் பயிற்றுநர் வருவார். மஸ்கெலியாவில், பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைக்கு யார் வருகிறார்கள்? ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் ஆடும் புரோகிராம் இலவசம். ஒருதடவை இறக்கி வைத்துக்கொண்டால், மழைக்குச் சிக்னல் போனாலும் வேலை செய்யும். ஆனால் புதிரைப் போட்ட கையோடு விடையைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் பிள்ளையைக் கெடுக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் என் வகுப்பில் ஒரே கட்டளை: வெள்ளையை நீ ஆடு, கறுப்பை ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் செஸ் மேதை மோர்ஃபியின் பெயரில் வழங்கும் இரண்டு நகர்வுப் புதிரைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை முதலில் ஆடி, தன் இரண்டாவது நகர்வில் மேட் செய்ய வேண்டும், அதாவது கறுப்பு ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்க வேண்டும். வெள்ளை ராஜா சி8, கோட்டை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. ஹட்டனில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, "பிஷப் நகர்ந்தா ஏ7ஐ வெட்டி மேட் சேர். அப்ப நான் கோட்டைய சும்மா ஏ5க்குக் கொண்டுபோறேன்" என்றாள். அருமையான யோசனை. ஸ்டாக்ஃபிஷ் சிப்பாயை ஏ6க்குத் தள்ளியது, மேட் கைநழுவியது. போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அந்தச் சிப்பாய் அசையக்கூடாதுன்னா கோட்டை ஏ6லயே போய் நிக்கணும்" என்றாள். அதுதான் விடை! பி7 சிப்பாய் கோட்டையை வெட்டினால் பி6 சிப்பாய் ஒரு கட்டம் ஏறி மேட். பிஷப் நகர்ந்தால் ஏ7இல் மேட். கறுப்புக்கு வேறு நகர்வே கிடையாது. தன் யோசனையில் எங்கே ஓட்டை என்று தெரிந்ததால், அடைக்கும் வழியை அவளே கண்டுபிடித்தாள். விடையை நேராகப் பார்த்திருந்தால் 'கோட்டை ஏ6' என்று எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பாள்.

பெரிய புதிர்களுக்கு வரும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் ஆட்டத்தை வெல்வதற்காகச் செய்யப்பட்டது. நேரத்தை மிச்சப்படுத்த, ஆட்டம் போகக்கூடிய பல கிளைகளைப் பாதியிலேயே விட்டுவிடும். ஆடவேண்டிய பக்கம் ஒருமுறை சும்மா இருந்தாலும் அதன் நிலை நன்றாகவே இருக்கிறதென்றால், அதற்குமேல் ஆழமாகத் தோண்டாது. மேட் புதிர்களின் உயிரோ பல நேரம் அங்கேதான் கிடக்கிறது: சும்மா இருக்க முடிந்தால் கறுப்பு பிழைக்கும், நகர்ந்தே ஆகவேண்டும் என்பதால் சாகும். மேலே சொன்ன சின்னப் புதிரில் ஸ்டாக்ஃபிஷ் தடுமாறாது. வெட்டோ செக்கோ இல்லாத அமைதியான நகர்வுகள் நிறைந்த ஏழெட்டு நகர்வுப் புதிரில் குறுகிய மேட்டைத் தவறவிட்டு நீண்டதைக் காட்டலாம். 'இதில் மேட் இல்லை' என்று பிள்ளை சொன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள்.

அதற்கென்றே இருப்பது பொப்பாய் போன்ற புதிர் தீர்க்கும் புரோகிராம்கள். நிதானமாக ஒவ்வொரு நகர்வையும் சோதிக்கும், முதல் நகர்வுக்கு இரண்டாவது விடை இருந்தால் அதையும் பிடித்துவிடும். பழைய புத்தகப் புதிர்கள் பல அப்படித்தான் அடிபட்டுப்போயின. 1951இல் மான்செஸ்டரில் டீட்ரிச் பிரின்ஸ் எழுதிய புரோகிராமுக்கு ஒரு இரண்டு நகர்வு மேட்டைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் பிடித்தது. இன்று அந்த வேலையை எந்தப் பழைய மடிக்கணினியும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

எங்கள் வகுப்பில் அந்தப் பழைய மடிக்கணினிதான் இல்லை. திரை கீறியிருந்தாலும் பரவாயில்லை, பற்றரி போயிருந்தாலும் பரவாயில்லை. யாரிடமாவது சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.