நிலத்தை எடுக்கும் சட்டம் மனுவையும் கேட்க வேண்டும்

பிரிட்டனின் ஹெச்.எஸ்.2 அதிவேக ரயில் திட்டம் இவ்வளவு இழுபட்டதற்கு, நாடாளுமன்றக் குழு பொதுமக்களின் மனுக்களை உட்கார்ந்து கேட்டதுதான் காரணம் என்று ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. அடுத்த பெரிய பாதைக்காவது அந்த விசாரணையைக் குறைத்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அந்த ரயிலுக்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எத்தகைய அதிகாரத்தைக் கொடுத்தது என்று பாருங்கள். 2013 நவம்பரில் தாக்கலாகி, 2017 பிப்ரவரி 23 அன்று அரச ஒப்புதல் பெற்ற அந்த ஒரே சட்டம், லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் நடுவே பாதைக்குத் தேவையான வீட்டையும் வயலையும் கடையையும் உரிமையாளர் மறுத்தாலும் எடுத்துக்கொள்ள வழி செய்தது. கட்டுமானத்துக்கு ஒவ்வோர் உள்ளாட்சியிடமும் தனியாக அடிப்படை அனுமதி கேட்க வேண்டியதில்லை, சட்டமே அனுமதி. இப்படியோர் அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வழியில் ஒரே ஒருவர் 'தரமாட்டேன்' என்று சொன்னால் முழுப் பாதையும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஒருவரின் வீட்டைப் பறிக்கும் அளவுக்கு அதிகாரம் கேட்கும் அரசு, அவர் சொல்வதை ஒரு மணி நேரமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மசோதா சட்டமாகும் முன் பாதிக்கப்படுவோர் நாடாளுமன்றக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம்; கட்டணம் 20 பவுண்ட். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ரயில் வேண்டுமா வேண்டாமா என்று அங்கே வாதாட முடியாது; அது 2014 ஏப்ரலில் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் 452-க்கு 41 என்று முடிந்துபோன விஷயம். குழுவின் முன் வந்தவை வேறு மாதிரியான கேள்விகள்: பாதை வெட்டிப் போகும் வயலின் மறுபாதிக்கு டிராக்டர் எப்படிப் போகும், கிராமத்தின் குறுகிய சாலையில் மண் லாரிகள் எத்தனை ஓடும், ஒலித்தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம். ஒரு பக்கம் அரசின் மூத்த வழக்கறிஞர். எதிரே தன் தெருவின் வரைபடத்தோடு வந்து உட்கார்ந்த சாதாரண மனிதர். கீழவைக் குழு 160 நாட்கள் அமர்ந்து ஏறத்தாழ 1,600 மனுக்களைக் கேட்டது. சில்டர்ன்ஸ் மலைப்பகுதியில் சுரங்கப்பாதை சவுத் ஹீத் வரை 2.6 கிலோமீட்டர் நீண்டது அந்த விசாரணையால்தான். அதே பகுதியிலுள்ள வெண்டோவர் மக்களும் சுரங்கம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அவர்களுக்கு மனம் ஆறியிருக்காது. ஆனாலும் ஏன் மறுக்கப்பட்டது என்பது குழுவின் அறிக்கையில் இருக்கிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம்.

இதே லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் இடையிலான முதல் ரயில் மசோதாவை 1832-இல் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. மறு ஆண்டுதான் அது நிறைவேறியது. நிலம் வைத்திருந்தவர்களே அந்த அவையிலும் உட்கார்ந்திருந்த காலம் அது. இன்று திட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படும் எவரும் 20 பவுண்ட் கட்டிப் பேசலாம் என்பது சிறிய மாற்றமல்ல.

தாமதத்துக்கான காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். சட்டம் நிறைவேறிய பிறகும் மற்ற அமைப்புகளிடமிருந்து 8,276 ஒப்புதல்கள் தேவைப்பட்டன என்று 2024-இல் சொன்னவர் ஹெச்.எஸ்.2 நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜான் தாம்ஸன். பக்கிங்ஹாம்ஷயரில் வௌவால்களைக் காக்கப் பாதையின் மேல் எழும்பும் கூரைக்கு மட்டும் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. மனுக் கொடுத்தவர்கள் இதற்கு எப்படிப் பொறுப்பாவார்கள்?

உண்மையில் என்னை வதைப்பது வேறொன்று. பர்மிங்ஹாமிலிருந்து க்ரூ வரையிலான பாதைக்கு 2021-இல் தனிச் சட்டமே நிறைவேறியது. 2023 அக்டோபர் 4 அன்று அந்தப் பாதையை ரத்து செய்துவிட்டார் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தன. தேவையில்லாமல் போன நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே முதலில் தர வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. குண்டுவீச்சுப் பயிற்சிக்கென்று 1938-இல் வாங்கிய க்ரிச்செல் டவுன் நிலத்தைத் திருப்பித் தர மறுத்த விவகாரத்தில் 1954-இல் வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலக நேர்ந்தது. அதன் பெயரிலேயே வழங்கும் விதி இது. ஆனால் அது வெறும் வழிகாட்டுதல், சட்டமல்ல. விலையும் இன்றைய சந்தை விலை. விருப்பமில்லாமல் விற்றவர், அரசு மனம் மாறியதால், தன் வீட்டையே கூடுதல் பணம் கொடுத்து மீட்க வேண்டியிருக்கலாம்.

அடுத்த ரயில் மசோதா வரும்போது மனு விசாரணையில் ஒரு நாளைக்கூடக் குறைக்கக் கூடாது. நிலத்தை எடுக்கும் பிரிவுக்கு அடுத்த பிரிவாகவே, திட்டம் கைவிடப்பட்டால் வாங்கிய விலைக்கே திருப்பித் தரும் கடமையையும் எழுத வேண்டும்.