சரியான சொல் தெரியாதவர் என்ன தேடுவார்?
"இணைய அடைவுகளின் காலம் முடிந்தது, கூகுள் ஒன்றே போதும்" என்று இணையத் தேடல் பற்றிய கட்டுரையை அதன் ஆசிரியர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடைவு என்பது தளங்களைத் தலைப்புவாரியாகத் தொகுத்த பட்டியல். தேடுபொறியிடம் கேட்கவே சரியான சொல் வேண்டும். துறைக்குப் புதியவருக்கு அந்தச் சொல்தானே தெரியாது! 1998இல் தொடங்கிய டிமாஸ் அடைவில், தன்னார்வலர்கள் தளங்களைப் பார்த்துப் பார்த்துத் தலைப்புவாரியாக அடுக்கினார்கள். யாஹூ அடைவு 2014இலும் டிமாஸ் 2017இலும் மூடப்பட்டது பெரிய இழப்பு.

பழந்தமிழ் நூல் வேண்டுமென்றால் இன்றும் முதலில், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூற்பட்டியலைத்தான் திறக்கிறேன். ஈழத்து இதழ்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம். பட்டியலை மேய்கையில், நான் கேள்விப்பட்டே இராத பெயர்கள் கண்ணில் படும். அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, அதன் பிறகே கூகுளுக்குப் போவேன். சந்தி சேர்த்தும் பிரித்தும் இருமுறை தேடுங்கள், முடிவுகள் மாறும்.