கிராபிக்ஸ் கார்டைக் கடைசியில் பாருங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜில் சீட்டும் கிடைத்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சீசன் தொடங்கிவிடும். குற்றாலச் சீசனைச் சொல்லவில்லை, பிசி கேட்கிற சீசன். "புராஜெக்ட்டுக்கு வேணும்ப்பா" என்று வீட்டில் சொல்லி 40,000, 50,000-க்குச் சம்மதம் வாங்கிவிட்டு, நேரே என்னைப் போன்ற ஆளிடம் வந்து நிற்பார்கள். "அண்ணே, எத்தனை ஜிபி கார்டு போடலாம்?" முதல் வருஷத்தில் புராஜெக்ட் எதுவும் வராது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அநேகமாக அவன் அப்பாவுக்கும் தெரியும். அது கிடக்கட்டும், பிள்ளைகள் விளையாடட்டும். எனக்கு எரிச்சல் வருவது அந்தக் கேள்வியில்தான். கையில் காசு கொஞ்சமாக இருக்கும்போது, கேம் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய்யவே கூடாது. என்ன கேம், என்ன மானிட்டர், என்ன எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி), இந்த மூன்றும் தெரிந்தால் கார்டு தானாக முடிவாகிவிடும், யாரிடமும் கேட்கவே வேண்டியதில்லை.

முதலில் இந்த ஜிபி விஷயத்தை, அதாவது கார்டில் மெமரி எவ்வளவு என்பதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் நம் ஊரில் நிறையப் பேர் ஏமாறுவது இந்த ஒரு நம்பரில்தான். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு கடையில் "4 ஜிபி கேமிங் கார்டு" என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்து காட்டினான். பெட்டியின் மேல் ஒரு வேற்றுக்கிரக ராணுவ வீரன், பின்னால் நெருப்பு, மூலையில் பெரிய எழுத்தில் 4 ஜிபி. கார்டின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது: ஜிடி 730. அது 2014-ல் வந்த கார்டு. அப்போதே அதைக் கேம் ஆடுகிறவர்கள் யாரும் வாங்கவில்லை, மானிட்டரில் படம் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கான கார்டு. உள்ளே டிடிஆர்3 என்ற பழைய வகை மெமரி, டேட்டா போய்வருகிற பாதையான பஸ் வெறும் 64 பிட் அகலம், நொடிக்குச் சுமார் 14 ஜிபி டேட்டாதான் போய்வரும். அதே 4 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1650-ல் நொடிக்கு 128 ஜிபி. பாபநாசம் அணை நிறைந்து கிடந்து என்ன பிரயோஜனம், வாய்க்கால் ஒரு சாண் அகலம் என்றால் கடைமடைக்கு எப்போது தண்ணீர் வந்து சேரும்?

இதைவிடக் கொடுமை ஜிடி 1030. 2017-ல் ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரியோடு வந்தது, நொடிக்கு 48 ஜிபி. மறுவருஷமே அதே பெயரில் டிடிஆர்4 போட்ட ஒன்றையும் விட்டார்கள், அதில் 17 ஜிபிகூட இல்லை. பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, வேகம் பாதிகூட இல்லை. அதனால் பெட்டியில் முன்பக்கம் பார்க்காதீர்கள், பின்பக்கம் திருப்பி மெமரி வகை, பஸ் அகலம் இரண்டையும் படியுங்கள். கடைக்காரர் அண்ணாச்சி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சரி, கேமுக்கு வருவோம். வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்டிரைக், ஜிடிஏ 5 இவ்வளவுதான் ஆடப் போகிறான் என்றால் என் கருத்து, கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸரைப் போட்டு, 8 ஜிபி ரேம் இரண்டு போட்டுவிட்டால் வேலரன்ட் 1080பி-யில் (1920க்கு 1080 புள்ளி உள்ள படம்) நன்றாகவே ஓடும். ரேம் இரண்டாகத்தான் போட வேண்டும், 16 ஜிபி ஒரே குச்சியாக மாட்டினால் கிராபிக்ஸ் வேகம் நன்றாகவே அடிபடும், ஏனென்றால் அதற்கென்று தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் அது பங்கு போட்டுக்கொள்கிறது. மிச்சமான காசை எடுத்து வையுங்கள், அடுத்த வருஷம் கார்டு வாங்கிக்கொள்ளலாம். இதைச் சொன்னால் பையன்கள் முகம் சுண்டிப்போய்விடும். கார்டு இல்லாத பிசியைப் பிசி என்றே அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

மானிட்டர். பழைய 18.5 இன்ச் மானிட்டர், 1366க்கு 768, அதைத்தான் கொஞ்ச நாள் ஓட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை படம் மாற்றுகிற மானிட்டரில் கார்டு 140 பிரேம் கொடுத்தாலும் உங்கள் கண்ணுக்கு வருவது 60தான். கார்டில் ஒரு படி இறங்கி, 1080பி, 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) மானிட்டர் ஒன்று வாங்கினால் தினமும் பார்க்கிற படமே மாறிவிடும். இன்னொன்று, மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், கார்டு வாங்கியும் ஸ்பீடு இல்லை என்று புலம்பிய ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எச்டிஎம்ஐ மதர்போர்டில் செருகியிருந்தது.

இனி எஸ்எம்பிஎஸ். இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது, இதைத்தான் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. கேபினெட்டோடு சேர்ந்து வருகிறதே ஒரு எஸ்எம்பிஎஸ், அதில் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். அந்த 450-ஐ நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படியுங்கள், கட்டம் கட்டமாக இருக்கும், 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று. பிராசஸரும் கார்டும் கரண்ட் எடுப்பது 12 வோல்ட்டில். அந்தக் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட், அவ்வளவுதான் அதன் உண்மையான சத்து. ஆர்எக்ஸ் 6600 என்ற கார்டு மட்டும் 132 வாட் கேட்கும். ஐ3 12100எஃப் பிராசஸர் சும்மா இருக்கும்போது கொஞ்சமாக எடுத்தாலும் முழு மூச்சில் 89 வாட் வரை போகும். இரண்டையும் கூட்டினாலே 221, ஃபேனையும் டிஸ்கையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. என்ன நடக்கும்? கேமில் குண்டு வெடிக்கிற நேரம் பார்த்துப் பிசி பொட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகும். இவன் விண்டோஸைத் திரும்பப் போடுவான், டிரைவரை மாற்றுவான், கார்டு டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவான்.

அதுபோக, அந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் வயரே இருக்காது. உடனே ஒரு கன்வர்ட்டர் வாங்கி, டிஸ்க்குக்கு வருகிற வயரிலிருந்து இழுத்து மாட்டிவிடுவார்கள். 8 பின் என்றால் 150 வாட் வரை போகிற வழி. அதை ஒல்லி வயரில் இழுத்தால் கனெக்டர் உருகும், மாட்டியது மாட்டினபடி ஒட்டிக்கொள்ளும். நல்ல கம்பெனியின் 80 பிளஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்ற சான்று) போட்ட 450 அல்லது 550 வாட் தனியாக வாங்குங்கள். அதற்காகக் கார்டில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தால் இறங்குங்கள்.

நம் மாவட்டத்தில் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை இரண்டு நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. ஆனாலும் ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் ராத்திரி முழுக்க வோல்டேஜ் ஏறி இறங்கும். யுபிஎஸ் அவசியம். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான், கேம் ஓடும்போது கரண்ட் போனால் சேவ் பண்ணிவிட்டு அணைப்பதற்கு மட்டும் அது போதும், ஆட்டத்தைத் தொடர்வதற்கு இல்லை.

இப்போது கார்டுகள். விலை எழுதப் போவதில்லை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது, 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களால் மெமரி விலை ஏறத் தொடங்கிய பிறகு இன்னும் மோசம்.

ஆபீஸில் கழித்துவிட்ட பழைய பெட்டியை வாங்கிக் கேமிங் பிசி ஆக்குகிறேன் என்பவர்கள் நிறைய. அதில் எஸ்எம்பிஎஸ் சின்னது, பல மாடல்களில் மாற்றவும் முடியாது, கார்டுக்குத் தனி வயரும் இராது. மதர்போர்டு ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டுதான் போட முடியும். அதற்கு ஜிடிஎக்ஸ் 1650, இல்லாவிட்டால் 70 வாட்டில் ஓடுகிற ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி மாடல். இரண்டில் நான் 3050 என்பேன். பெட்டி ஒல்லியாக இருந்தால் கார்டின் உயரத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். ஆனால் புதிதாகப் பிசி கட்டுகிறவன் அந்த 6 ஜிபி மாடலைத் தொட வேண்டாம். 2022-ல் வந்த 8 ஜிபி 3050 வேறு, 2024-ல் வந்த இது வேறு, மெமரி மட்டுமில்லை, உள்ளே கணக்குப் போடுகிற கோர்களும் குறைவு, பஸ்ஸும் 128 பிட்டிலிருந்து 96 ஆகிவிட்டது. மறுபடியும் அதே பெயர் விளையாட்டு.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை யாரும் வாங்காதீர்கள். எங்கள் அக்கா மகன் போன் பண்ணி, "மாமா, 6500 சீப்பா வருது, எடுத்துரட்டுமா?" என்றான். "எடுத்துராதல" என்று அந்த இடத்திலேயே நிறுத்தினேன். மெமரி 4 ஜிபி, மதர்போர்டோடு பேசுவதற்கு நாலே நாலு லேன், அதாவது டேட்டா போகிற தடம். பிசிஐஇ 4 (கார்டு மாட்டுகிற ஸ்லாட்டின் நான்காம் தலைமுறை) உள்ள போர்டில் சமாளித்துக்கொள்ளும். அவனிடம் இருப்பது பழைய போர்டு, பிசிஐஇ 3, அதில் அந்த வழியும் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பினதும் ரேமிலிருந்து டேட்டா வர வேண்டும், வழி குறுகல், படம் திக்கித் திக்கித்தான் வரும். வீடியோவைச் சுருக்கி லைவுக்குத் தயார் செய்கிற (என்கோடு) பகுதியே அந்தக் கார்டில் கிடையாது. அவனோ யூடியூபில் லைவ் போட்டு ஊரே சப்ஸ்கிரைப் பண்ணப் போகிறது என்று கனவில் இருக்கிறவன்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு, 1080பி போதும் என்பவர்களுக்கு, என் கை இன்னமும் ஆர்எக்ஸ் 6600 பக்கம்தான் போகிறது. 2021-ல் வந்தது, 8 ஜிபி, ஒரே ஒரு 8 பின், 1650-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம், 8 ஜிபி 3050-ஐயும் தெளிவாக முந்தும். குறையும் உண்டு. 2025 கடைசியில், ஆர்எக்ஸ் கார்டுகளைச் செய்கிற ஏஎம்டி தன் 5000, 6000 வரிசைக் கார்டுகளின் டிரைவரைத் தனியாகப் பிரித்துவிட்டது, புது வசதிகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்குத்தான். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5050 பாருங்கள், சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கி வேகம் கூட்டுகிற டிஎல்எஸ்எஸ் கிடைக்கும், இன்னும் சில வருஷம் தள்ளும். நிஜமாகவே மெஷின் லேர்னிங் புராஜெக்ட் செய்யப் போகிறவன் இருந்தால் (இருக்கிறார்கள், ஆயிரத்தில் ஒருவன்) அவன் என்விடியா (ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் கம்பெனி) பக்கமே போகட்டும், அவர்களுடைய குடா என்ற மென்பொருள் தளம் இல்லாமல் அந்த வேலையில் அலைச்சல் அதிகம். 12 ஜிபி 3060 நல்ல விலைக்குக் கிடைத்தால் அவனுக்கு அதைவிட வேறு வேண்டாம். இன்டெல் ஆர்க் பி580-ம் 12 ஜிபிதான், விலைக்கு நல்ல கார்டுதான், ஆனால் ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டு மெமரி முழுவதையும் ஒரே மூச்சில் எட்டுவது) வசதி உள்ள புது போர்டும் சுமாரான நல்ல பிராசஸரும் வேண்டும். பழைய பெட்டியில் மாட்டிவிட்டு இன்டெலைத் திட்டாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? நேரில் போய், ஓட்டிப் பார்த்து, பில்லோடு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற டிஜிட்டல் காசைக் கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கிற மைனிங் நின்றதும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன, அவற்றில் பல இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. "வீட்ல வச்சிருந்தது, லைட் யூஸ்" என்று எல்லாரும்தான் சொல்வார்கள். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று ஒன்று வரும், பெயரில்தான் 580, உள்ளே இருப்பது அதற்குக் கீழ்ப்படியான 570-ன் கணக்கு. கார்டின் பெயரும் விவரமும் இருக்கிற பயாஸை மாற்றி எழுதிய போலிக் கார்டுகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், அது போலியென்று கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே போட்டுக் காட்டிவிடும். பிறகு கால் மணி நேரம் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள், ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள், திரையில் புள்ளி புள்ளியாக வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப்போய்ச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வருகிறவர்களும் உண்டு. 1,000, 2,000 மிச்சம் பிடிக்கலாம், ஆனால் டிக்கெட்டும் சாப்பாடும் போக, கார்டு மக்கர் பண்ணினால் மறுபடியும் ரயில் ஏற வேண்டும். புதுக் கார்டு என்றால் சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், உள்ளூரோ வெளியூரோ.

அப்புறம் வெக்கை. ஒரே சிப்பில் ஒற்றை ஃபேன் கார்டும் வரும், இரட்டை ஃபேன் கார்டும் வரும், யூடியூபில் ஏசி ரூமில் உட்கார்ந்து இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை மொட்டை மாடி ரூமில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இரட்டை ஃபேன் வாங்குங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் வேண்டாம், வலை வைத்தது வாங்குங்கள். திசையன்விளை, உவரிப் பக்கத்து ஆட்களுக்குத் தனியாக ஒன்று: ஆனி, ஆடிக் காற்றில் தேரி மண் நைசாக உள்ளே புகுந்து ஹீட்சிங்க் (சூட்டை இறக்குகிற உலோகத் தகடு) இடுக்கில் செக்கச்செவேலென்று படிந்துவிடும். ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் இன்னும் முடிவு செய்யவில்லை. மானிட்டர் மாடலும் எஸ்எம்பிஎஸ் லேபிள் போட்டோவும் அனுப்பச் சொன்னேன், அவன் அனுப்பியது கலர் லைட் எரிகிற ஆர்ஜிபி ஃபேன் லிங்க். கீழே கமென்ட்டில் கேட்கப் போகிற தம்பிகளும் அந்த இரண்டையும் போட்டுவிட்டே கேளுங்கள், இல்லாவிட்டால் பதில் வராது.