வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளை

ஒரு லட்சம் பேர் உட்காரும் புது மைதானம் கட்டப்போவதாக 2025 மார்ச்சில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் அறிவித்தாலும் அறிவித்தது, எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரே ஒப்பாரி. "பிறந்த வீட்டை விட்டுப் போவார்களா?" என்று ஒருத்தன் புலம்பினான். டேய், இப்போதிருக்கும் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் பிறந்த வீடே இல்லை. அது மூன்றாவது வீடு.

பிறந்தது நார்த் ரோடு மைதானத்தில். 1878-ல் மான்செஸ்டரின் நியூட்டன் ஹீத் பகுதியில் இருந்த ரயில் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய அணி அது. பச்சையும் மஞ்சளுமாகச் சட்டை. மைதானம் ஒரு பழைய களிமண் குழியை ஒட்டிய நிலம்; வெயில் காய்ந்தால் கல், மழை பெய்தால் சகதி. பக்கத்திலேயே ரயில் பாதை என்பதால் எஞ்சின்களின் நீராவி மைதானத்தை மூடிவிடும். உடை மாற்ற அறை கிடையாது. ஓல்ட்ஹாம் ரோட்டில் இருந்த திரீ கிரவுன்ஸ் என்ற மதுக்கடையில் மாற்றிக்கொண்டு நடந்து வருவார்கள். அந்தச் சகதியில்தான் 1892 அக்டோபரில் வுல்வர்ஹாம்ப்டன் அணியை 10-1 என்று அடித்தார்கள்.

நிலம் மான்செஸ்டர் கதீட்ரலுக்குச் சொந்தம். ஆட்டம் பார்க்கக் காசு வாங்குவது கதீட்ரல்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. காசு வாங்காமல் முதல் டிவிஷன் (அன்றைய உச்ச லீக்) அணியை எப்படி நடத்துவது? 1893-ல் காலி செய்ய வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஆணி அடிக்காதே, விருந்தாளி வரக்கூடாது, மாடியில் துணி காயப்போடாதே. எங்கள் அம்மா அட்டைப்பெட்டிகளைக் கடைசிவரை தூக்கிப் போட்டதே இல்லை, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் என்று.

அடுத்த வீடு கிளேட்டனில், பேங்க் ஸ்ட்ரீட். ரயில் புகை போய் ரசாயனத் தொழிற்சாலைப் புகை வந்தது, அவ்வளவுதான். 1895-ல் வால்சால் அணி வந்து தரையைப் பார்த்துவிட்டு, இதில் எப்படி ஆடுவது என்று முரண்டு பிடித்தது. மேலே கொஞ்சம் மணலைக் கொட்டி ஒருவழியாக ஆடவைத்தார்கள். முடிவு 14-0. வால்சால் புகார் கொடுத்து, அந்த ஆட்டமே செல்லாது என்றாகி, மறுபடி ஆடினார்கள். இந்த முறை 9-0! தரையைக் குறை சொன்னது நியாயம்தான், ஆனால் தோற்றதற்குத் தரை மட்டும் காரணமில்லை போலிருக்கிறது.

1902-ல் 2,670 பவுண்டு கடனில் கிளப்பே மூழ்கப் பார்த்தது. ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பீர் ஆலை முதலாளி காப்பாற்றினார். அதுவரை நியூட்டன் ஹீத் என்றிருந்த அணிக்கு மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயர் அப்போது வந்ததுதான். (கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டின் நாய் தொலைந்துபோய் டேவிஸ் கையில் கிடைத்ததில்தான் இருவருக்கும் பழக்கம் என்று ஒரு கதை உண்டு. நாய்க்கதையைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ நம்பத்தான் ஆசை.)

என் ஆதங்கம் இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. 1908 லீக் பட்டம், 1909 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி), இரண்டும் அந்தப் புகைக்குள் இருந்தபோதே வந்தவை. வேலை முடிந்த கையோடு நடந்தே வந்து பார்த்த கிழக்கு மான்செஸ்டர் ஜனங்கள் கண்ட வெற்றிகள். கையில் காசு வந்ததும் 1910-ல் கிளப் நகரத்தின் மறுகோடிக்கு, ஓல்டு டிராஃபோர்டுக்குப் போய்விட்டது. டேவிஸின் பணத்தில் எண்பதாயிரம் பேருக்கான மைதானம். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நியூட்டன் ஹீத்காரனுக்கு அது எவ்வளவு தூரம் என்று அன்று யார் கேட்டார்கள்? இன்று ஓல்டு டிராஃபோர்டுக்காக அழும் நாம், அவர்களுக்காக ஒரு வரி எழுதியிருக்கிறோமா? மைதானம் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. டிக்கெட் விலை எந்த ரசிகனை வெளியே நிறுத்தப்போகிறது என்பதுதான் பயம்.

பேங்க் ஸ்ட்ரீட்டில் கடைசி ஆட்டம் 1910 ஜனவரியில், டாட்டன்ஹாமுக்கு எதிராக 5-0. கிளப் கிளம்பிய கொஞ்ச நாளிலேயே புயல் வந்து அங்கிருந்த பார்வையாளர் ஸ்டாண்டைச் சாய்த்தது. புது வீட்டில் முதல் ஆட்டம் பிப்ரவரி 19, லிவர்பூலிடம் 4-3 என்று தோல்வி.

அந்தப் பழைய இடத்தில் இப்போது சைக்கிள் பந்தய அரங்கின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. சாலையைத் தாண்டினால் எதிரே பரம எதிரியான மான்செஸ்டர் சிட்டியின் மைதானம்.