அந்த வேனும் கொரோனாக் கட்டுப்பாடுகளும்

சென்ற வாரம் பெருமாநல்லூர் பக்கம் ஒரு சீருக்குப் போயிருந்தபோது, பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த என் மனைவி வழி மாமா ஒருவர், "கொரோனாக் காலத்துல மாஸ்க்கு, ஊரடங்குன்னு பண்ணுனது அத்தனையும் வெட்டி வேலைங்க மாப்பிள்ளை, வர்றது வந்துட்டுத்தான் போச்சுங்க" என்றார். சாப்பிடும் இடத்தில் பெரியவரோடு வாதாடுவது முறையல்ல என்பதால் சிரித்து வைத்தேன். ஆனால் நன்றாகப் படித்தவர்களும் இப்போது இதையே சொல்வதால், திருப்பூரில் முப்பது மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டு அந்த இரண்டு ஆண்டுகளையும் கடந்தவன் என்ற முறையில், எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

மாமா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் ஊர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்றை அமைத்தார்கள். உள்ளே நுழைபவர்கள் கையைத் தூக்கியபடி நடக்க, இரண்டு பக்கமும் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர் பனிபோலத் தெளிக்கும். நாட்டுக்கே முன்மாதிரி என்று அது கொண்டாடப்பட்டது. நானும் இரண்டு முறை நனைந்தேன். அந்த மாதம் 18-ஆம் தேதியே, மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிப்பதால் பயனில்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்துவிட்டது. தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கும் கிருமியைச் சட்டை நனைந்தால் என்ன செய்ய முடியும்? கதவுப் பிடியையும் காய்கறியையும் நாம் கழுவோ கழுவென்று கழுவிய கதையும் இதுவே. தொற்றுள்ள ஒரு பொருளைத் தொடுவதால் நோய் பரவும் வாய்ப்பு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது.

அதே 2021 ஏப்ரலில் எங்கள் கம்பெனியில் நடந்தது வேறு. வாசலில் சூப்பர்வைசர் நின்று, வருகிறவர் நெற்றிக்கு நேராக வெப்பமானித் துப்பாக்கியைப் பிடித்து, 97.4, 97.8 என்று நோட்டில் எழுதுவார். கைக்குச் சானிடைசர், காலுக்குப் பிளீச்சிங் பவுடரில் நனைத்த சாக்கு. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஆர்டர் கொடுத்த பெரிய கம்பெனிக்கு அனுப்பிவைப்போம். ஆனால் அந்த வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தது, பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபத்திரண்டு பேராக, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு. பத்து நாட்களுக்குள் அந்த வேனில் வந்த ஏழு பேருக்குத் தொற்று உறுதியானது. பெரிய ஷட்டர் கதவுகள் திறந்தே கிடக்கும் பேக்கிங் பகுதிக்கு நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்களில் ஒருவருக்குத்தான் வந்தது. இதை ஆய்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் எழுதிய அத்தனை எண்களும் வேனுக்குள் இருந்த காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. மேலும், அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கும் நோயை நெற்றிச் சூட்டை வைத்துப் பிடிக்க முடியாது.

இந்தக் குழப்பம் எங்களோடு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அறிவித்தது. அதை மாற்றிக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த நம் சௌமியா சுவாமிநாதன், பதவியை விட்டு விலகிய 2022-இல், காற்றுவழிப் பரவலை இன்னும் முன்னதாகவே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அப்படியானால் முகக்கவசம்? வங்கதேசத்தில் 600 கிராமங்களில், சுமார் 3,40,000 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், முகக்கவசத்தை இலவசமாகக் கொடுத்து, அணியும்படி நினைவூட்டியதால் அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். அறிகுறியோடு தொற்று உறுதியானவர்கள் சுமார் 9 சதவீதம் குறைந்தார்கள். அறுவைச் சிகிச்சை முகக்கவசம் கொடுத்த ஊர்களில், 60 வயதைத் தாண்டியவர்களிடையே அந்தக் குறைவு 35 சதவீதம். பாதிப் பேர்கூட அணியாத ஊர்களின் கணக்கு இது என்பதை மறந்துவிட்டு, "வெறும் ஒன்பதுதானா" என்று கேட்கிறார்கள்.

வட்டிக் கணக்கு தெரிந்த நம் ஊர்க்காரர்கள் இப்படிக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். நூறு நோயாளிகள் நூற்றுப்பத்துப் பேருக்குக் கொடுக்கிறார்கள், அவர்கள் அதே விகிதத்தில் அடுத்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், பத்தாவது சுற்றில் புதிய நோயாளிகள் 259 பேர். நூறு பேர் தொண்ணூறு பேருக்கு மட்டுமே கொடுத்தால் அதே பத்தாவது சுற்றில் 35 பேர். முகக்கவசத்தில் கொஞ்சம், ஜன்னலைத் திறப்பதில் கொஞ்சம், காய்ச்சல்காரர் வீட்டில் இருப்பதில் கொஞ்சம் என்று சேர்ந்துதான் நூற்றுப்பத்து தொண்ணூறாகும். கூட்டு வட்டி ஏறும்போது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு என்னிடம் உள்ள பெரிய சாட்சி கொரோனாவே அல்ல. பி/யமகாட்டா என்று ஒரு ஃப்ளூ வகை இருந்தது. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் அதற்கும் ஓர் இடம் இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. தடுப்பூசியில் அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. மனிதர்கள் விலகி நின்ற அந்த மாதங்களைத் தாங்க முடியாமல் ஒரு கிருமி வகையே காணாமல் போயிருக்கிறது. கொரோனா அதைவிட வேகமாகப் பரவுவது என்பதால் தப்பித்தது.

சரி, வர்றது வந்துதானே போனது என்றால், எப்போது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் முதலில் நோய் கண்ட மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. தெருக்களை அடைத்து, தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, பெருந்துறையில் சிகிச்சை கொடுத்து, ஏப்ரல் இறுதியில் சிகிச்சையில் ஒருவரும் இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். 2021 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழக அரசு எடுத்த இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், மாநிலம் முழுக்க 66 சதவீதம் பேரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தபோது, ஈரோட்டில் 37 சதவீதம்தான். அதுவரை தொற்றாதவர்கள் இங்கே மிகுதி என்பதுதான் அதன் பொருள். அதனால்தான் அந்த ஆண்டு மே இறுதியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது, ஜூன் மாதம் ஊரடங்குத் தளர்வு குறைவாகக் கிடைத்த பதினொரு மாவட்டங்களில் நம் மேற்குப் பக்கமே ஏழு வந்தன என்பது என் கணிப்பு. ஓராண்டு தள்ளிப்போட்டதில் லாபம் உண்டா? உண்டு. தடுப்பூசி வந்திருந்தது. 18 வயதைத் தாண்டியவர்களுக்கான முகாமை மே 20-ஆம் தேதி திருப்பூரில்தான் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஆனால் கிடைத்த அந்த ஓராண்டில் ஆக்சிஜன் படுக்கைகளைப் பெருக்காமல், நோய் ஒழிந்தது என்று தேர்தல் கூட்டம் போட்டதற்கு ஊரடங்கைக் குறை சொல்வது நியாயமாகாது.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. மதுக்கடைகள் 2020 மே மாதமே திறந்தன. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளி வாசலை மிதிக்க 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தது. இந்த வரிசையை யார், எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் பங்குக் குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வேனில் வந்த, தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லர் ஒருவர், காய்ச்சல் தெரியக்கூடாது என்று வேன் ஏறும் முன் பாராசிட்டமால் போட்டுக்கொண்டுதான் மூன்று நாள் வந்திருக்கிறார். வராவிட்டால் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. அது என் கம்பெனி வழக்கம், என் துப்பாக்கி அதற்கு எதிரில் என்ன செய்யும்? இப்போது காய்ச்சல் என்று சொன்னால் மூன்று நாள் ஷிப்ட் கூலி கொடுக்கிறேன். ஒரு வருடம் கூட்டிப் பார்த்தால், அன்று சானிடைசருக்கும் சாக்குக்கும் போட்டதைவிடக் குறைவாகவே ஆகிறது. மெஷின் ஹாலில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் கூடுதலாக ஓடுகிறது. வேன் கண்ணாடியை ஒரு சாண் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தலை கலைகிறது என்று, டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கும் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள், நான் பார்க்காத நாளில் டிரைவர் ஏற்றிவிடுகிறார்.