தெல்லிப்பழைக்குப் போய் வாறார்

போன வருடம் ஒரு பின்னேரம் சித்தி கோல் எடுத்தார். "பெரியப்பா இப்ப தெல்லிப்பழைக்குப் போய் வாறார், தெரியுமோ?" குரல் தாழ்ந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இந்த வசனத்துக்கு மேல் எதுவும் கேட்கக்கூடாது. "ஓ…" என்று இழுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. பெரியப்பாவோ பென்சன் எடுத்த நாளிலிருந்து தன்பாட்டில் கதைத்துக்கொண்டு திரிகிற மனிதர். நான் எதை நினைத்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், சின்னப் பிள்ளையோடு கதைப்பதுபோல மெல்லமாகக் கதைத்தேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன். கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, எனக்கு வந்தது கான்சர். விசர் இல்லை."

எங்கள் ஊரில் சில வருத்தங்களுக்குப் பெயர் கிடையாது, பஸ் போகிற இடம்தான் உண்டு. தெல்லிப்பழையில் வைத்தியம் வருவதற்கு முன்பு கான்சருக்குக் கொழும்புப் பக்கத்து மகரகம. "மகரகமவுக்குக் கொண்டுபோனவையாம்" என்றால் போதும், சனம் அடுத்ததாகப் பிள்ளைகள் எத்தனை, கரைசேர்ந்துவிட்டதுகளா என்றுதான் விசாரிக்கும். விசருக்கு அதே கொழும்புப் பக்கத்து அங்கொடை. (அந்த ஊர்களிலும் மனிதர்கள் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளை வளர்க்கிறார்கள், பாவம்.)

இத்தனைக்கும் சாவைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமே இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரிடம் "பின்னேரம் ஒரு செத்தவீட்டுக்குப் போகவேணும்" என்றேன். திடுக்கிட்டுப் போனார். எங்களுக்குக் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் ஒரே வரிசை. ஆனால் அந்த வீட்டு மனிதரைக் கேட்டால் "மோசம் போயிட்டார்" என்போம். வீட்டைச் சாகவைப்போம், ஆளைச் சாகவிடமாட்டோம்.

இந்த மாதிரிச் சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. "முழுகாமல் இருக்கிறா" என்று ஒரு பிள்ளைத்தாச்சியைப் பற்றிச் சொல்லும்போது, மாதாமாதம் தலைமுழுகுவது நின்றதைச் சொல்லி, சொல்லாமலும் விட்டுவிடுகிற ஒரு நாசூக்கு இருக்கிறது. கொப்புளிப்பான் வந்தால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை கட்டுவதிலும் ஒரு பயபக்தி. சரி, இருக்கட்டும்.

எனக்குக் கொதி வருவது வேறு இடத்தில். ஒரு சம்பந்தம் பேசத் தொடங்கினால் சாதி என்ற சொல் யாருடைய வாயிலும் வராது. "எந்த ஊர்?" முதல் கேள்வி. ஊரைச் சொன்னால், "அதிலை எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "கோயில் எது?" கோயிலையும் சொன்னபிறகு ஒரு மௌனம், பிறகு "எங்கட ஆக்கள்தான்" அல்லது "அவை வேற ஆக்கள்". ஒரு கெட்ட சொல் இல்லை, குரல் உயரவில்லை, தேத்தண்ணிகூட வந்துவிட்டது. "நாங்கள் உதெல்லாம் பார்க்கிறேல்லை" என்று தொடங்குகிறவர்தான் பெரும்பாலும் கோயில் வரைக்கும் போவார். சீதனமும் அப்படித்தான். "நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை, உங்கட பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ." அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாக ஒரு காசு. அதன் பெயர் டொனேசன். ஏதோ கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதுபோல!

சண்டைக் காலத்தையும் நாங்கள் 'பிரச்சினை' என்றுதான் சொன்னோம். "பிரச்சினைக்கு முதல்", "பிரச்சினை நேரம்". குண்டு விழுந்தது, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமமே மழைக்குள் நடந்து வெளியேறியது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள். ஆயுதம் தூக்கிய இயக்கம் என்றாலும் 'பெடியள்'தான். மதிலுக்கும் காது இருந்த காலம், அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் எங்களிடையே ஒரு கூட்டம் மனிதர்கள் அந்தப் பழக்கத்தை உடைத்தார்கள். சண்டைக் காலத்தில் தொலைந்தவர்களைத் தேட ஓர் அலுவலகம் அமைக்கவென்று 2016இல் நிறைவேறிய சட்டத்தில் 'காணாமற்போன ஆட்கள்' என்று இருக்கிறது. 2017 பெப்ரவரியில் தங்கட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் குந்திய தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். 'போன' என்றால் போனவன் தானாகப் போய்விட்டான், கதை முடிந்தது. 'ஆக்கப்பட்ட' என்றால் ஆக்கியது யார் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கிறது. இலக்கணப் பாடத்தில் செயப்பாட்டுவினை படித்தபோது அது இவ்வளவு கனமான சாமான் என்று எனக்குத் தெரியாது.

போன கிழமை பெரியப்பாவிடம் போயிருந்தேன். மெலிந்துவிட்டார், கதை குறையவில்லை. "என்ரை மரண அறிவித்தலிலை 'சிலகாலம் சுகவீனமுற்றிருந்து' எண்டு போடாதேங்கோ. கான்சர் எண்டே போடுங்கோ" என்றார். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"இஞ்சேருங்கோ, விசர்க்கதை கதையாதேங்கோ!"