25,000 'தானே'

சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் நகரமான ட்ரெஸ்டனில் விழுந்த குண்டுகளைப் பற்றி எழுந்த வாக்குவாதம் வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் கதை போயிருக்கும். கல்லடிப் பாலம் தாண்டாத கதை மட்டக்களப்பில் ஏது? நான் கோபித்துக்கொண்டு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் எழும்பிப் போனேனாம். தேத்தண்ணி குடித்தேன். மற்றது சரி.

முதலில் என் பிழை. ட்ரெஸ்டனில் 1 இலட்சத்துக்கு மேல் செத்ததாகச் சொன்னேன். பழைய புத்தகமொன்றை நம்பிச் சொன்னது. வட்டத்துத் தம்பி ஒருவர் திருத்தியது நியாயம். அந்த நகரம் நியமித்த வரலாற்றாளர் குழு 2010இல், கூடினால் 25,000 என்று முடித்தது. நாஜிகள் கணக்கில் ஒரு பூச்சியத்தைக் கூட்டிப் பரப்பியதும் உண்மை. ஏற்றுக்கொள்கிறேன். எண்ணில் எனக்குச் சண்டையில்லை. "25 ஆயிரம் தானே அண்ணே" என்றாரே, அந்தத் 'தானே'யில்தான்.

1945 பெப்ரவரி 13 இரவு பிரித்தானிய விமானங்கள் முதலில் வந்து கொட்டிவிட்டுப் போயின. ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் இரண்டாவது அலை. அதற்குள் தீயணைக்க வந்தவர்களும், பிழைத்தோம் என்று வெளியே வந்தவர்களும் தெருவில் நின்றார்கள். நிலவறைக்குள் இருந்தவர்கள் பலர் மேலே காயமே இல்லாமல், நச்சுப் புகையில் மூச்சடைத்துச் செத்தார்கள். பங்கருக்குள் குந்தியிருந்த எவனும் இந்த வரியைத் 'தானே' போட்டு வாசிக்க மாட்டான்.

"ஜேர்மனிதானே தொடங்கியது" என்று வருவீர்கள். ஓம், தொடங்கியது. 1937இல் ஸ்பெயினின் குவேர்னிகாவை, அதுவும் சந்தை நாளில். 1940இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியை. அதற்காக, சந்தைக்கு வந்தவளின் பழியை ட்ரெஸ்டன் நிலவறையில் கிடந்த பிள்ளையிடமா வசூலிப்பது?

"நம்மட கதையே கிடக்கு, வெள்ளைக்காரன்ட கதை எதுக்கு" என்று இன்னொருவர். நம்மட கதை தெரிந்ததால்தான் ஐயா.

யுத்த காலத்தில் படுவான்கரையில் எங்கள் வளவில் தென்னங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கர் இருந்தது. ஹெலிச் சத்தம் கேட்டால் நாங்கள் உள்ளே. ஒருநாள் பெரியம்மா பாதி வழியில் திரும்பிக் குசினிக்கு ஓடினா. அடுப்பில் சோறு. "அடிப்பிடிச்சிரும், இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு. மாமரத்துக்குக் கீழே கிடந்தா. சோறு அடிப்பிடித்துத்தான் போனது. அந்தக் கருகல் மணம் வளவெல்லாம் நின்றது. செத்த வீட்டில் ஒருவர் என் தலையைத் தடவிச் சொன்னார்: "ஒராள்தானே மனே. குடும்பமா போகல்லயே." ஆறுதலுக்குத்தான் சொன்னார், தெரியும். எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்குப் பிறகு அவர் வீட்டுப் படலையை நான் மிதிக்கவில்லை.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாதுதான். தெரியாமல் பேசியதை விட்டுவிடலாம். ஆனால் தலைமை தாங்கியவர் என்னைப் பார்த்து, "உணர்ச்சிவசப்படாம வரலாறு பேசுவம்" என்றாரே! சரி, பேசுவோம். 1945 மார்ச் 10, டோக்கியோ. மர வீடுகள் பற்றும் என்று தெரிந்தே எரிகுண்டு போட்டார்கள். ஒரே இரவில் 1 இலட்சம் பேரளவில் போனார்கள். நடத்தியவர் அமெரிக்கத் தளபதி லேமே. 1964இல் ஜப்பான் அரசே அவருக்கு உயர் விருது கொடுத்தது. தப்பிய பொதுமக்களோ நட்டஈடு கேட்டு வழக்காடித் தோற்றார்கள். பார்த்தீர்களா, உணர்ச்சியே வரவில்லை.

எண்ணைக் குறைத்துச் சொல்லாதே, கூட்டியும் சொல்லாதே. நூற்றுக்கு நூறு உடன்பாடு. ஆனால் சரியான எண்ணைச் சொன்ன வாய்க்கு, பின்னால் ஒரு 'தானே' எதற்கு?

தம்பி, திருத்தத்துக்கு நன்றி. என் கொப்பியில் 25,000 என்று மாற்றி எழுதிவிட்டேன். 'தானே'யை நீங்களே வைத்திருங்கள்.